நல்லா இருக்கற உடம்பு

முதல் அறிகுறி என் உடம்பில் தெரியவில்லை. அக்கா ஜெயந்தியின் உடம்பில் தெரிந்தது. 2008இல் ஒரு நாள், கடலூர் ரசாயன ஆலைகளை ஒட்டிய குடிகாட்டில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, கதவைச் சாத்திவிட்டு என் கையை எடுத்துத் தன் இடது மார்பில் வைத்தாள்.

"பட்டாணி மாரி இருக்கு, பாரு."

பட்டாணியைவிடப் பெரிதாக இருந்தது. நான் சொல்லவில்லை.

எங்கள் அம்மா இதே மார்பகப் புற்றுநோயில் நாற்பத்தோரு வயதில் இறந்தவள். அக்காவுக்கு முப்பத்தாறு. ஊரில் சிலர் காற்றைக் குறை சொன்னார்கள், சிலர் தண்ணீரை. அம்மா அந்தப் பக்கமே வாழ்ந்ததில்லை. சென்னை மருத்துவர் அம்மாவின் வயதைக் கேட்டுவிட்டு, அக்காவின் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு (பெற்றோர் வழியாக வரும் குறையைக் கண்டறியும் சோதனை) அனுப்பினார். முடிவு வந்த அன்று, "கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். நான் பள்ளி ஆசிரியை. ஆனாலும் வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதைப் போலக் கையைத் தூக்கினேன்.

எனக்கும் அதே குறை இருந்தது. நோய் இல்லை, வரும் வாய்ப்பு மிக அதிகம். தொடர்ந்து பரிசோதித்துக்கொண்டே இருக்கலாம், அல்லது இரண்டு மார்பகங்களையும் முன்கூட்டியே எடுத்துவிடலாம். எடுத்தாலும் ஆபத்து முழுக்கப் போகாது, வெகுவாகக் குறையும். திருமணமாகியும் எனக்குக் குழந்தை இல்லை. பிறந்தால் பால் கொடுக்க முடியாது என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. "அவசரமில்லம்மா, யோசிங்க" என்றார்.

யோசித்தேன். ஓராண்டு போயிற்று. சிதம்பரம் பேருந்து நிலையத்து நெரிசலில் யாராவது இடித்தால், மார்பகங்கள் இன்னும் இருக்கின்றனவே என்று தோன்றும். ஒரு நாள் சாப்பிடும்போது என் கணவர் செந்தில் தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"நல்லா இருக்கற உடம்ப எதுக்கு அறுக்கணும்?"

கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அக்காவின் நோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. கடலூரில் மருத்துவமனைக் கட்டிலில் கண் மஞ்சளாகிக் கிடந்தாள்.

"சுமதி, நீ போய்ப் பண்ணிக்க. நான் இருக்கறப்பவே பண்ணிக்க."

"மொதல்ல ஒனக்குச் சரியாவட்டும்."

"எனக்குன்னு நீ காத்திருந்தா ஒனக்கு லேட்டாயிடும்டி. ரம்யாவுக்கு ஒருத்தி வேணும்."

ரம்யா அவள் மகள். அப்போது பன்னிரண்டு வயது. திரும்பி வரும் பேருந்தில், செய்துகொள்கிறேன் என்று செந்திலிடம் சொன்னேன். வெளியே பார்த்துக்கொண்டே, "நானும் லீவு போடறேன்" என்றார்.

சென்னையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. விழித்தபோது வலியைவிட அந்த லேசுதான் பயமுறுத்தியது. இரண்டு பக்கமும் வடிகுழாய்கள் (காயத்தில் சேரும் நீரை வெளியேற்றுபவை) தொங்கின. மூன்றாம் நாள் செந்தில் என் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் நானே கேட்டேன்.

"எப்போ?"

"முந்தாநேத்து."

"அக்காவ எடுத்துட்டாங்களா?"

தலையை ஆட்டினார். அக்கா சொன்னபடி அவள் இருக்கும்போதே செய்துகொண்டேன். அவள் போகும்போது அங்கே நான் இல்லை.

கருமாதிக்குத்தான் போக முடிந்தது. எங்கள் பக்கம் பெண்கள் கட்டிப்பிடித்து, மாரடித்து அழுவார்கள். என்னைக் கண்டதும் அத்தை கைகளை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். பாதியில் நினைவு வந்து நின்றாள். பிறகு என் முழங்கையை மட்டும் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னால் கையைத் தூக்க முடியவில்லை. கூடப் பிறந்தவளுக்காகக் கைகளைத் தொங்கவிட்டபடி நின்று அழுதேன்.

எல்லாரும் கலைந்த பிறகு ரம்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தி, எனக்கும் இருக்கா?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "தெரியாது கண்ணு. இருக்கலாம், இல்லாமலும் போவலாம். பதினெட்டு வயசுக்கு மேலதான் பாப்பாங்க."

"அதுவரைக்கும்?"

"நான் இருக்கேன்."

எனக்கு எந்த மருத்துவரும் தராத உறுதி அது.

இதே முடிவின் முன் நிற்பவர்கள், நிம்மதியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்கிறார்கள். பயம் குறைந்திருக்கிறது. இன்னும் சில ஆண்டுகளில் சூலகங்களையும் (கருமுட்டை உருவாகும் உறுப்புகள்; அதே குறையால் அங்கும் புற்றுநோய் வரலாம்) எடுக்க வேண்டியிருக்கும். தழும்பைச் சுற்றித் தொடு உணர்ச்சி திரும்பவில்லை. விடுமுறைக்கு வரும் ரம்யா என் மேல் சாய்ந்து படிக்கிறாள். அவள் கனம் தெரிகிறது, சூடு தெரிவதில்லை. என் வயதை நான் இப்போது எண்ணுவதில்லை. அவளுக்கு வருகிற மாதம் பதினைந்து முடிகிறது.