இரட்டைக் குழாயும் என் ஒற்றைக் காதும்

கவுண்டரின் எட்டு சிலிண்டர் வண்டிக்கு ஒற்றைப் புகைக்குழாயே போதும் என்று பட்டறையில் எல்லோர் முன்னாலும் அடித்துச் சொன்னேன். சுத்தப் பொய். மோட்டார் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு என் சாமர்த்தியங்களைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

யுத்தத்துக்கு முந்தின காலம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் காதர் சாயபுவின் பட்டறையில் இரண்டு வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் வெண்ணந்தூர். சிறுவயதில் வந்த காய்ச்சலில் சீழ் பிடித்து என் வலது காது அடியோடு போய்விட்டது. அதைப் பற்றி யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு இன்ஜின் ரிப்பேர் என்றால் பாதி வேலை காதுக்குத்தான். விஷயம் தெரிந்தால் சாயபு அனுப்பிவிடுவார், திரும்பவும் தறிக்குழியில் போய் உட்கார வேண்டியதுதான் என்று பயம்.

ஒரு காதுக்காரனுக்கும் சத்தம் கேட்கும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான் பிடிபடாது. பின்னால் ஒரே குழாய் உள்ள வண்டிகளில் அது தேவைப்படவில்லை, சமாளித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நாமகிரிப்பேட்டைக் கவுண்டர் தம் புது வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வரிசையாக நாலு நாலு சிலிண்டர். இடது வரிசைப் புகையை இன்ஜினுக்கு முன்புறமாக வளைத்து, வலது வரிசைப் புகையோடு சேர்த்து, ஒரே எக்ஸாஸ்ட் பைப்பில் வெளியே விட்டிருந்தார்கள்.

"ஏனுங்க சாயபு, எட்டுப் பேரு மூச்சு உடறதுக்கு ஒரே மூக்குப் போதுமாங்க? ஏற்காட்டு மலையில ஒம்போதாவது வளைவுலயே திணறுதுங்க. ஆளுக்கொரு பக்கமாப் பிரிச்சுடலாமுங்களா?"

சாயபு என்னைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்றே?"

இரண்டு குழாய் வந்தால் இடமா வலமா என்ற கேள்வியும் கூடவே வரும். "அகலமா ஒரே பைப் போட்டாப் போதும் மொதலாளி. ரெண்டெல்லாம் வீண் வேலை" என்றேன்.

நல்லவேளை, கவுண்டர் பிடித்த பிடியை விடவில்லை. "ரெண்டாவே போடுங்க. ஆனா சைலன்ஸர் இல்லாம உட்டுடாதீங்க, ரோட்டுல மாடுக மெரளும்" என்றார். பக்கத்துக்கு ஒரு பைப், பைப்புக்கு ஒரு சைலன்ஸர் என்று முடிவாயிற்று. வளைத்து, பற்றவைத்து மாட்ட நாலு நாள் ஆனது.

ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் லேசாகக் குலுங்கியது. ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் மிஸ்ஸிங். சாயபு வண்டிக்குப் பின்னால் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். "வலது பக்கம்னு தோணுது. நீ சொல்லு, எந்தப் பக்கம்?"

எனக்கு எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. ஆமாம் வலதுதான் என்று ஒத்து ஊதியிருக்கலாம். என்ன தோன்றியதோ, மண்டியிட்டு, இரண்டு குழாய்க்கும் ஒரு சாண் தள்ளி இரண்டு கைகளையும் நீட்டினேன்.

அந்த நிமிஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் மயிர்க்கூச்செறிகிறது. வெதுவெதுப்பான காற்று, கரி கலந்த நீர்த்துளிகளோடு கையில் வந்து அடித்தது. வலது கையில் இரண்டு அடி ஒட்டி வந்தன, பிறகு இடைவெளி விட்டு ஒன்று, இன்னொன்று. நாலும் தவறாமல் வந்தன. இடது கையில் மூன்றுதான் வந்தன. நாலாவது வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. இரும்புக்குள் நெருப்பு முறை வைத்து எரிவதை எந்தக் காதும் எனக்கு இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.

"இடது பக்கம் மொதலாளி" என்றேன்.

சாயபு நம்பவில்லை. மரப்பிடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, இடது வரிசையில் ஒவ்வொரு பிளக்காகப் பொறி விழாதபடி ஷார்ட் செய்து பார்த்தார். முதல் இரண்டிலும் இன்ஜின் தடுமாறியது. மூன்றாவதில் ஒரு மாற்றமும் இல்லை. செத்த பிளக் அதுதான். பட்டறையின் வலப்பக்கத் தகரச் சுவரில் பட்டுத் திரும்பிய சத்தம் அவரை ஏமாற்றிவிட்டிருந்தது.

"காதால கேக்காம எதுக்குடா கைய நீட்டுனே?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. காது போன கதையையும், ஒற்றைக் குழாய் போதும் என்றது எதற்காக என்பதையும் இருவரிடமும் சொல்லிவிட்டேன்.

கவுண்டர் முகம் மாறியது. "அப்ப உன்ற காதுக்காக என்ற வண்டியத் திணற உட்டிருப்பியா, சாமி?"

வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனேன்.

சாயபு வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வருஷமா வலப்பக்கம் நின்னு கூப்பிட்டா நீ திரும்பவே மாட்டே. நான் அதத் திமிருன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்!" என்றார். பிறகு புது பிளக்கை என் கையில் வைத்து, "மாட்டு. மலைக்கு நீயே கூடப் போ" என்றார்.

ஒன்பதாவது வளைவில் கவுண்டர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். வண்டி திணறவே இல்லை. கல்சுவரில் மோதித் திரும்பிய அந்தக் கனத்த உறுமலை என் ஒரு காதும் முதுகும் சேர்ந்து கேட்டன.

அதற்குப் பிறகு யார் வண்டி கொண்டுவந்தாலும், யோசனை சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒரு காது கேட்காது என்பதைச் சொல்லிவிடுவேன். நாற்பது வருஷம் அப்படிச் சொன்னேன். அதற்காக ஒருத்தர்கூட வண்டியைத் திருப்பிக்கொண்டு போகவில்லை.