பழகின ரத்தம்

ராஜபாண்டிக்கு வாய் கொஞ்சம் அதிகம். மனசு அதைவிட அதிகம். கம்பத்திலிருந்து கேரள எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன், மூன்று வருஷத்துக்கு முன் லடாக் மலையில் ரோடு போடும் ஒரு கம்பெனிக்கு டிப்பர் ஓட்டப் போனான். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தங்கை உமாதேவியைக் கட்டிக்கொடுத்ததும் அவன்தான், அவள் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி வாசலில் காவல் கிடந்ததும் அவன்தான். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளத்தான் அந்த மனுஷனுக்கு நேரம் வாய்க்கவில்லை.

தங்கை மகளுக்குக் காதுகுத்து என்று இருபது நாள் லீவில் வந்தான். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. உமாதேவிக்கு ரத்தசோகை, டெஸ்டுக்குத் துணையாகப் போனவன் சும்மா இராமல் தானும் கையை நீட்டினான். ஹீமோகுளோபின் அவளுக்கு ஒன்பது, அவனுக்குப் பத்தொன்பது.

"நம்ம ரெண்டு பேரும் ஒரு வயித்துலதான் பெறந்தமா ஆத்தா?" என்று சிரித்தான். "அங்கன காத்து லேசு, மூச்சு பத்தாது. அதனால ஒடம்பு ரத்தத்துல ஆள் சேத்துக்கிரும், நம்ம தோட்டத்துல திராட்சை வெட்டுக்கு ஆள் விடுற மாதிரி."

"இம்புட்டு ஆகாதுண்ணே. கெட்டிப்பட்டுப் போகும்னு டாக்டரம்மா சொன்னாக," என்று அவள் பயந்தாள்.

காதுகுத்துக்கு ஐந்து நாள் இருக்கையில் அவள் புருஷன் கர்ணனின் பங்காளி வீட்டில் சாவு விழுந்தது. தீட்டு. அடுத்த முகூர்த்தம் மூன்று வாரம் தள்ளித்தான். கம்பெனியிலிருந்து போன்மேல் போன். அடுத்த வருஷம் வருகிறேன் என்று பெட்டியைக் கட்டினான்.

"தாய்மாமன் மடியில்லாம என் பிள்ளைக்குக் காது குத்துறதா? எனக்கு ஒன்னைய விட்டா வேற யாருண்ணே இருக்கா?" என்று அவள் அழுதாள். அந்த ஒரு சொல்லுக்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டான்.

காதுகுத்தன்று ஆசாரி ஊசியை எடுத்ததும், மடியிலிருந்த பிள்ளையை முந்திக்கொண்டு அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். மறுநாள் டெஸ்டில் அவனுக்குப் பதினைந்து. சரியான அளவு என்றார்கள். "வெட்டு முடிஞ்சது, ஆளுக வீட்டுக்குப் போயிட்டாக," என்றான். உமாதேவிக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. அண்ணன் குணமாகிவிட்டான் என்று கும்பிட்டாள், பாவி மகள்.

ஊரில் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறவன், லே நகரில் காற்றுப் பழக ஆறு நாள் சும்மா படுத்திருந்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். அது அவனுக்குத் தெரியாததா? லீவு தாண்டிய கூச்சம். "மூணு வருசம் பழகின ரத்தம், என்னைய விட்டுக்குடுக்காது," என்று போனில் சொல்லிவிட்டு மறுநாளே ஏறிவிட்டான்.

மூன்றாம் நாள் காலையில், அவனோடு வண்டி ஓட்டும் ஜெபா கூப்பிட்டான். "அக்கா, அண்ணனுக்கு நெஞ்சுல தண்ணி கோத்துக்கிருச்சு. கீழ இறக்குறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுக்கா."

"கம்பத்துக்குத்தாம்மா பதினஞ்சு சரி. அந்த மலைக்கு அவரு மறுபடியும் புது ஆளு. ஒடம்புக்குப் பழக்கம் விட்டுப்போச்சு," என்று டாக்டரம்மா பிற்பாடு விளக்கினார். "அந்த ஆறு நாள் இருந்திருந்தா பொழச்சிருப்பாரு."

ஆறு நாள். மூன்று வாரத்தை நான்தானே தின்றேன் என்று உமாதேவி தலையில் அடித்துக்கொண்டாள்.

பிள்ளைக்குக் காது புண்ணாகித் தோட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். இரண்டே மாதத்தில் துளை தூர்ந்துபோனது. இன்னொரு தரம் குத்திவிடலாம் என்றான் கர்ணன்.

"யாரு மடியில வச்சு?" என்று கேட்டாள் உமாதேவி.