மீரான் பாயும் கிறிஸ்துமஸ் பொட்டலங்களும்

மீரான் பாய் போய்விட்டார். இன்று விடியற்காலை, தூக்கத்திலேயே... மாரடைப்பு.

மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம். கமெண்ட்டில் கும்பிடு போடுவதற்கு முன்னால் நேரில் வர முடியுமா என்று பாருங்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்கு... பூன் லே பக்கம் நான் வேலை பார்க்கும் ஸ்வீடன் பம்ப் கம்பெனியில் அவர் டெக்னீஷியன், நான் டிசைன் எஞ்சினியர். எந்தப் பம்ப்பையும் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டிவிடுவார். தனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்.

டிசம்பர் வந்தால் ஆபீசில் ஸ்வீடன் முறைப்படி கிறிஸ்துமஸ் விருந்து. மேனேஜர் இங்ரிட் மேடம் வீட்டிலேயே சமைத்துக்கொண்டு வருவார். குங்குமப்பூ போட்ட பன், கிரீமில் வெந்த உருளைக்கிழங்கு, வினிகரிலும் சர்க்கரையிலும் ஊறிய மீன்...

முதல் வருஷம் அந்த மீனை வாயில் வைத்துவிட்டு பாய் என் காதில் கேட்டார்: "மீனுக்குச் சீனி போட்டவன் யாருடா தம்பி? அவன் அட்ரஸ் இருக்கா?"

பையிலிருந்து காரமான சம்பால் பாட்டிலை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாட்டில் ஸ்வீடன்காரர்கள் பக்கம் போய்விட்டது. திரும்பி வரவே இல்லை.

க்ளொக் என்று ஒரு சூடான பானம் உண்டு. ஒயினில் ஏலக்காய், கிராம்பு, பட்டை போட்டுக் காய்ச்சி, கோப்பையில் பாதாமும் உலர் திராட்சையும் போட்டுத் தருவார்கள். பாய்க்காக மேடம் புதுச் சட்டி வாங்கி, திராட்சை ஜூஸில் தனியாகக் காய்ச்சினார்.

"பிரியாணியப் புழிஞ்சு ஊத்துன மாதிரி இருக்கு லா" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, இன்னொரு கோப்பைக்குக் கையை நீட்டினார்.

பரிசில்தான் மாட்டிக்கொண்டார். சீட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவருக்குப் பரிசு வாங்க வேண்டும். உள்ளே இருப்பதைச் சொல்லாமல் சொல்லும் ஒரு பாட்டையும் எழுதிப் பொட்டலத்தின் மேல் ஒட்ட வேண்டும். ஸ்வீடனில் அப்படித்தானாம். பரிசு கிடைத்தவர் அதைக் கேட்டு என்ன பொருள் என்று ஊகித்த பிறகுதான் பிரிக்கலாம்.

அக்கவுண்ட்ஸ் பீட்டருக்கு பாய் ஓர் இடியாப்ப அச்சு வாங்கியிருந்தார். "தம்பி, படிச்சவன்தானே... நாலு வரி எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். துருப்பிடிக்காத எஃகு, உயரம், விட்டம், துளைகளின் அளவு...

"டேய், இது பாட்டா, டெலிவரி ஆர்டரா?"

கோபித்துக்கொண்டு சிராங்கூன் சாலைச் சந்தில் இருந்த ஒரு பரிசுக் கடைக்குப் போனார். அங்கே பொட்டலம் கட்டித் தரும் ஹசீனா அக்கா, கட்டிக்கொண்டே சொன்னாராம்:

சுற்றினால் நூல் விழும்,
ஊசியில் நுழையாது.
தேங்காய்ப்பால் ஊற்றினால்
தட்டில் மிஞ்சாது.

பாய் அதை இங்கிலீஷில் சொல்ல, பீட்டர் யோசித்து யோசித்துத் தையல் மெஷின் என்றார். ஆபீசே சிரித்தது.

கிறிஸ்துமஸ் முடிந்தது. பாய்க்கு முடியவில்லை. பிப்ரவரியில் எனக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட், பாட்டோடு. செக்யூரிட்டி அங்கிளுக்கு ஒரு டார்ச் லைட், அதுவும் பாட்டோடு.

"எதுக்கு பாய் இதெல்லாம்?"

"சும்மா லா."

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அக்கா கணவரை இழந்தவர். பாய் கல்யாணமே செய்யாமல் நாற்பத்தைந்தைத் தாண்டியவர். இதில் என்ன சிக்கல் என்று எனக்குத்தான் விளங்கவில்லை.

"நேரா போய்க் கேளுங்க பாய். ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்ல. எனக்கு இத்தன ஸ்க்ரூ டிரைவர் வேணாம்."

"இல்லைன்னுட்டா? அப்புறம் அந்தக் கடைப்பக்கமே போக முடியாதுடா."

சிரிக்காமல் சொன்னார்.

அடுத்த டிசம்பரில் ஒரு பெரிய சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். தைரியத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு.

அக்கா சுருளைத் தட்டிப் பார்த்தார். "இத எப்படிக் கட்டுறது? உள்ள என்னான்னு சொன்னாத்தானே பாட்டு வரும்."

"ரப்பர் மேட். ஃபேக்டரியில போடுறது. நாள் பூரா நின்னு வேல பாக்குறவங்களுக்குக் கால் வலிக்காது."

"யாருக்கு? ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பள."

"எங்க நிக்கிறாங்க?"

பாயிடமிருந்து மூச்சு மட்டும்தான் வந்தது, கம்ப்ரஸர் மாதிரி. பொறுக்க முடியாமல் நான் வாயைத் திறந்தேன். என் காலை நன்றாக மிதித்தார்.

அக்கா குனிந்து, தான் நின்றிருந்த சிமெண்ட் தரையைப் பார்த்தார். கத்தரிக்கோலை மேசையில் வைத்தார்.

"பேப்பர வேஸ்ட் பண்ண வேணாம். இங்கேயே விரிச்சிடுங்க."

அவ்வளவுதான். பாய் மண்டி போட்டு விரித்துக்கொண்டே இருந்தார்... ஓரம் சரியாக இல்லையாம், திரும்பத் திரும்ப இழுத்து விட்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

நிக்காஹ் விருந்தில் பிரியாணிக்குப் பக்கத்தில் இங்ரிட் மேடம் சுட்ட குங்குமப்பூ பன் ஒரு தட்டு இருந்தது. முதலில் காலியானது பன்.

இன்று காலையில் அவர்களுடைய தெம்பனிஸ் வீட்டுக்குப் போனேன். பெண்கள் நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. "பாய் வாயத் தொறந்து எதுவும் சொல்ல மாட்டாருக்கா... வலிச்சிருந்தாக்கூட..." என்று ஏதோ உளறினேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு, இவரா? வீட்டுல வாயே மூட மாட்டாரு தம்பி. நேத்துகூட நாந்தான், தூக்கம் வருது, மிச்சத்தக் காலையில சொல்லுங்கன்னேன்."

சலாம், மீரான் பாய்.