மாப்பிள்ளை வைத்த மேஸ்திரி

எங்கள் மாப்பிள்ளை பதினொரு வருஷமாக வெப்சைட் எழுதுகிறவர். பழைய முறை. பக்கத்தில் யார் எந்தப் பட்டனை அழுத்தினாலும் செய்தி அவர் எழுதிய ‘ஆக்‌ஷன்’ என்கிற ஒரே நிரலுக்குப் போகும். அது யோசித்து, முழுப் பக்கத்தையும் புதிதாகத் தீட்டி அனுப்பும். வீட்டிலும் அதே கதைதான். என் மகள் உப்பு கேட்டால் அடுக்களையையே காலி செய்து, கழுவி, திரும்ப அடுக்கிவிட்டு உப்பை நீட்டுவார். இரண்டு முறை சுவருக்கு வெள்ளையே அடித்தார் என்றால் நம்ப மாட்டீர்கள். சரி, ஒரு முறைதான்.

கண் மருத்துவமனைக்கு முன்பதிவுப் பக்கம் செய்யும் வேலை வந்தது. புது முறையில் செய்ய வேண்டுமாம். தேதிப் பெட்டி, நேரப் பட்டியல், பெயர்க் கட்டம் எல்லாம் தனித்தனி காம்பொனென்ட், அதாவது பக்கத்தின் தனித் துண்டு. ஒவ்வொன்றும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பக்கம் வரலைன்னா, பழைய சைட்டுக்கு ஒட்டுப் போடுற கீழ்த்தள ரூமுக்குத்தான் நீங்க," என்றார் மேலாளர் அம்மா. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே போன ஒருவர் மேலே வந்தபோது அவர் மகனுக்கு மீசை முளைத்திருந்தது.

மாப்பிள்ளை புத்தகம் படித்தார், தலையாட்டினார். மூன்றே நாளில் எல்லா காம்பொனென்ட்டையும் செய்து, அவற்றுக்கு மேலே பெரிதாக இன்னொன்றையும் வைத்தார். யாருக்கு என்ன நடந்தாலும் அதனிடம் சொல்ல வேண்டும். அது முழுப் பக்கத்தையும் புதிதாகத் தீட்டும்.

வியாழக்கிழமை மருத்துவமனை வரவேற்பு அக்கா சோதித்துப் பார்க்க வந்து பெயரைத் தட்டினார், தேதியை மாற்றினார். பெயர் காணாமல் போனது.

"ஏங்க, தேதியைத் தொட்டா பேரை ஏன் பிடுங்குது?"

"பக்கம் புதுசா வருதுங்க."

"புதுப் பக்கம் நான் கேக்கலையே."

பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். "அண்ணே, வேலைக்கு ஆளையும் போட்டுட்டு, எல்லார் கையையும் நீங்களே பிடிச்சிட்டிருக்கீங்க. மேல வச்ச அந்த மேஸ்திரியை வீட்டுக்கு அனுப்புங்க."

"அப்புறம் யாரும்மா பாத்துக்குவா?"

"தேதி மாறினா நேரப் பட்டியல்கிட்ட மட்டும் சொல்லட்டும். உங்களுக்கு எதுக்கு அது?"

மறுநாள் காலை அந்த மேஸ்திரியின் நானூறு வரியை அழித்தார். சொந்தக்காரரை ரயிலேற்றி விடுகிற முகத்தோடுதான் அழித்தார்.

மதியம் அக்கா மறுபடி வந்தார். தேதி மாறியது, நேரப் பட்டியல் மாறியது, பெயர் இருந்த இடத்தில் இருந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் கூட வந்து பார்த்த மேலாளர் அம்மா.

"அவ்வளவுதாங்க."

"மேலயே இருங்க," என்று சொல்லிவிட்டு மேலாளர் அம்மா போய்விட்டார். அக்கா சும்மா பத்துத் தரம் தேதியை மாற்றிப் பார்த்தார். மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்திருந்தார்.

"ஒரு மரியாதைக்காவது என்னைக் கேக்குதா பாரும்மா," என்றார் பக்கத்து மேஜைக்காரியிடம்.