மஞ்சள் வைத்த ஸ்ப்ரே கன்

ஸ்ப்ரே கன் வாங்கப் போகிறவன் முதலில் கன்னைப் பார்க்கக் கூடாது, அதற்குக் காற்று கொடுக்கிற தன்னுடைய கம்ப்ரசரைப் பார்க்க வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகவே கண்டுகொண்டேன் என்பதில் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

திருவள்ளூரில் பெருமாள் கோயில் மடப்பள்ளிக் கைங்கர்யம் செய்யும் குடும்பம் எங்களுடையது. எனக்குப் பிடித்ததோ பெயிண்ட் வாசனை. சோழவரத்தில் நெல் பயிரிடும் வீட்டுப் பிள்ளை ஒருவன் பெயிண்ட் அடிக்கும் தொழிலில் எனக்குக் கூட்டாளி. அவன் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், அதில் நாங்கள் வாங்கிப் போட்ட பழைய சின்ன கம்ப்ரசர். ஷெட் அவன் அம்மாவுடையது. புருஷன் போன பிறகு நிலபுலம் எல்லாவற்றையும் தனியாளாகக் கட்டி ஆண்டவர். அறுப்பு முடிவதற்குள் உங்களுக்கு நிலையாக வேலை வராவிட்டால் ஷெட்டில் நெல் மூட்டையை அடுக்கிவிடுவேன் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர்.

பட்டணத்துக் கடையில் இரண்டு கன்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். ஒன்று பெரியது, பெயிண்ட் கப் அடியில் தொங்கும். மற்றது சின்னது, கப் தலைமேல் உட்கார்ந்திருக்கும். கூட்டாளி பெரியதைக் கையில் எடுத்தான், கீழே வைக்க அவனுக்கு மனசே வரவில்லை.

“இத்தையே வாங்கிக்கலாம்டா. அது இன்னாடா, கொயந்தைக்குப் பால் குடுக்குற பாலாடை மாரி கீது!”

“நம்ம கம்ப்ரசருக்கு அதுதான் சரி,” என்றேன்.

சின்ன அடுப்பில் பெரிய தவலையை ஏற்றினால் அரிசி அரைவேக்காட்டில்தான் நிற்கும். மடப்பள்ளி வீட்டில் பிறந்தவனுக்கு இதுகூடவா தெரியாது? பெரிய கன் குடிக்கிற காற்றை எங்கள் கம்ப்ரசரால் கொடுக்க முடியாது. பாதி வேலையில் மூச்சு வாங்கும், பெயிண்ட் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். எதற்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்டேன். அவர் சொன்னதும் நான் நினைத்ததும் ஒத்துப்போயின. சின்னதையே வாங்கினேன். சோழவரத்தில் இறங்கும்வரை பஸ்ஸில் கூட்டாளி அந்தப் பெரிய கன்னையே நினைத்துப் புலம்பிக்கொண்டு வந்தான்.

அந்த வாரமே ஒரு பீரோ பட்டறைக்காரர், ஆரணியில் ஒரு கல்யாணத்துக்குச் சீராகப் போக வேண்டிய பீரோவை எங்களிடம் விட்டார். பூச்சு பிடித்துப்போனால் இனிமேல் தன்னுடைய பீரோ எல்லாம் எங்களுக்குத்தான் என்றார். இதற்குத்தானே காத்திருந்தோம்!

மறுநாள் காலையில் ஒரு பழைய தகரத்தின்மேல் கன்னை அழுத்திப் பார்த்தேன். நேராக விரிய வேண்டிய பெயிண்ட், பிறை மாதிரி வளைந்து ஒரு பக்கமாகவே விழுந்தது.

“நான் அப்பவே சொன்னேன்ல?” என்று கூட்டாளி தலையில் கை வைத்தான். “பேஜாராப் பூட்ச்சு. எங்கம்மா மூட்டைய எட்னு வந்து அடுக்கப் போவுது.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “வாயை மூடுடா. கன் மேல தப்பு இல்ல.”

முனையில் இருந்த மூடியை அரைச் சுற்று திருப்பி மறுபடி அழுத்தினேன். பிறையும் கூடவே திரும்பி எதிர்ப் பக்கம் விழுந்தது. அப்படியானால் கோளாறு அந்த மூடியில்தான். கழற்றி, பெயிண்ட்டைக் கரைக்கிற தின்னரில் ஊறப்போட்டும் பலனில்லை. வெயிலில் தூக்கிப் பார்த்தேன். காற்று வருகிற ஊசித் துளை ஒன்று அடைத்திருந்தது. விளக்குமாற்று ஈர்க்கால் நெருடி முகர்ந்தால், மஞ்சள்!

முந்தின நாள் கூட்டாளியின் அம்மா புது கன்னுக்குப் பூஜை போட்டிருந்தார். பொங்கல் பானைக்குக் கழுத்தில் பூசுகிறவர், கன்னுக்கு அதன் வாயைச் சுற்றி மஞ்சளைக் குழைத்துப் பொட்டு வைத்துவிட்டார். மேலே இருந்ததைத் துடைத்துவிட்டோம், உள்ளே போனது காய்ந்து இறுகிவிட்டது. தின்னரில் அது எப்படிக் கரையும்? வெந்நீர் கேட்டு அடுக்களை வாசலில் போய் நின்றேன்.

“வெந்நீ எதுக்கு சாமி?” என்றார் அவர்.

கூட்டாளி பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தான். நான் மறைக்கவில்லை.

“நீங்க வச்ச மஞ்சள் துளையை அடைச்சுடுத்தும்மா. அதைக் கரைக்கணும்.”

அவர் முகம் சுண்டிப்போனது. சொம்பில் வெந்நீரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எங்கள் பின்னாலேயே வந்து ஷெட் வாசலில் நின்றார். துளை திறந்தது. பெயிண்ட் நேராக விரிந்தது. கம்ப்ரசர் ஒருமுறைகூடத் திணறவில்லை. பீரோ முழுக்கப் பச்சைப் பூச்சு ஏறி முடியும்வரை அவர் நகரவில்லை.

பட்டறைக்காரர் கதவை விரலால் தடவிப் பார்த்து, “பொங்கல் கழியட்டும், வரிசையா அனுப்புறேன்,” என்றார். எனக்குச் சந்தோஷம் பாதிதான். அறுப்பு அதற்கு முன்பே வந்துவிடுமே!

வந்தது. நெல் மூட்டை ஏற்றிய வண்டி நேராக ஷெட் வாசலுக்கே வந்தது. நான் கம்ப்ரசரை ஓரமாக நகர்த்தத் தொடங்கினேன். அந்த அம்மா வேகமாக வந்து வண்டிக்காரனை நிறுத்தினார்.

“இங்க எறக்காத. புள்ளைங்க வேல செய்ற எடம், தூசி படும். ஊட்டுக்கு எட்னு போ.”

அவர்கள் வீட்டில் அத்தனை மூட்டைக்கு இடம் ஏது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பீரோக்கள் வரிசையாக வரத் தொடங்கிய பிறகுதான் கூட்டாளி சொன்னான். மூட்டைகள் எல்லாம் அவர் படுக்கிற அறையில் கூரைவரை ஏறியிருந்தன. அந்தப் பனிக்காலம் முழுக்க அவர் அடுக்களையில், அடுப்புக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார்.