சைரன் ஊதியதும் அமுக்க வேண்டும்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சூளகிரி நெடுஞ்சாலை ஓட்டலில் மேசை துடைத்தேன், கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் டின் அடுக்கினேன், பிறகு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒட்டிக்கொண்டேன். பை நிறைய சி.டி.க்களோடு அறை அறையாகப் போய்க் கம்ப்யூட்டர்களில் மென்பொருள் ஏற்றுவது என் வேலை. 'நெக்ஸ்ட்' என்று வரும் இடத்திலெல்லாம் அமுக்கத் தெரிந்தால் போதும்.

ஒரு நாள் பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வந்தார். இனி சி.டி.யே வேண்டாம், மென்பொருள் எல்லாம் சர்வரில் இருக்கும், ஐகானை அமுக்கினால் தேவையான துண்டு மட்டும் கேபிள் வழியாக ஓடிவரும் என்றார். வாங்கலாமா என்று பார்க்க ஒரு சோதனை.

எங்கள் சிஸ்டம் சார் திருநெல்வேலிக்காரர். "இது தேறிட்டுன்னா உன் சீட்டு கிழிஞ்சிரும்டே" என்றார்.

"கிழிஞ்சா கிழியுது சார். பொட்டிக்குள்ள இல்லாத சாமான் எப்படித் தொறக்குதுன்னு பாத்துடணும்."

எல்லோரும் ஒரே சமயத்தில் அமுக்கினால் சர்வர் தாங்குமா என்பதுதான் சோதனை. அதற்கு ஓர் அடையாளம் வேண்டும். மாலைச் சைரன் ஊதியதும் அமுக்கட்டும் என்றார் சிஸ்டம் சார். நான் ஓடி ஓடிச் சொல்லிவிட்டு வந்தேன். எல்லோரும் மவுசில் கைவைத்துத் தயாராக இருந்தார்கள்.

சைரன் ஊதியது. அத்தனை பேரும் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

"யாருமே கிளிக் பண்ணலையா?" மேடம் தலையில் கைவைத்தார்.

கேன்டீனுக்கு ஓடினேன். "ஏனுங்க, எதுக்கு எந்திரிச்சு வந்தீங்க?"

கணக்குப் பிரிவு அக்கா வாயில் போண்டாவோடு விழித்தார். "அட, ஆமால்ல! சங்கு ஊதுச்சு, காலு தானா வந்துருச்சுப்பா."

டீயும் கையுமாகத் திரும்பி வந்தார்கள். நான் ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்துவந்து, எல்லா அறைக் கதவுகளும் திறக்கும் கூடத்தின் நடுவே நின்று கரண்டியால் ஓங்கி அடித்தேன். போண்டா எண்ணெய் விரல்கள் ஒரே நேரத்தில் அமுக்கின. திரைகள் ஒரு கணம் யோசித்தன. பிறகு ஒவ்வொன்றாக, எல்லாமே திறந்தன. அக்காவின் திரையில், சோதனைக்கு வைத்திருந்த இயந்திரப் பட மென்பொருளின் பல்சக்கரம் ஒன்று சுழன்றது. "ஐயோ, சுத்துதுங்க! என்னுது சுத்துது!" என்று அவர் நாற்காலியோடு சுற்றினார். நான் கை ஓயும்வரை தட்டை அடித்துக்கொண்டிருந்தேன்.

"வேல போவுது, குதிக்கியே!" என்று சிஸ்டம் சாரும் சிரித்தார்.

மாதக் கடைசியில் வேலை போனது. சி.டி. பையை அவர் மேசையில் வைத்தேன்.

"கோவமாடே?"

"இல்ல சார். இன்னொருக்கா தொறந்து காட்டுங்க, பாத்துட்டுக் கெளம்புறேன்."

அமுக்கினார். வந்தது. மாங்காய் சீசன் தொடங்கியிருந்ததால், நேரே கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன்.