சருகு ஊதியும் என் சொற்பொழிவும்

பட்டிமன்றங்களில் எதிரணியை வாயடைக்கச் செய்பவன் என்ற பெருமை கல்லூரி நாட்களில் எனக்கு நிறையவே இருந்தது. அது ஒரு நாள் மதியம் எங்கள் புதுச்சேரி வீட்டுத் தோட்டத்துக்கும் என்னுடன் வந்தது.

முதுகுவலியோடு பாதாம் மரச் சருகுகளைத் தினமும் பெருக்கும் அம்மாவுக்காக, பிரான்சில் வாழும் மாமா காற்றடித்துச் சருகுகளை ஒதுக்கும், பெட்ரோலில் ஓடும் சருகு ஊதி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அது கிளம்பும், வேகத்தைக் கூட்டினால் இருமி அணைந்துவிடும். மறுநாள் மாமாவுக்கு விமானம். மீண்டும் மீண்டும் அதைக் கிளப்பி, பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் கார்புரேட்டர் திருகைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குளிர்நாட்டு இயந்திரம் நம் வெயிலுக்கு ஒத்துவராது என்று நான் காரணங்களோடு நிறுவத் தொடங்கினேன்.

"தம்பி பாயின்ட்டா பேசுது," என்றார் மதில் மேலாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணன். மாமாவின் முகம் வாடியது.

"நீ சொல்றது சரியாவே இருக்கட்டும்ப்பா," என்றார் அம்மா. "கொஞ்ச நேரம் பேசாம இரு. எஞ்சின் சத்தம் மாமாவுக்குக் கேக்கல."

நிறுத்தினேன். மாமா காதைச் சாய்த்துக் கேட்டபடி திருகைக் கால் சுற்று திருப்பினார். இருமல் நின்று சீரான இரைச்சல் எழுந்தது.

"இந்தாக்கா, புடி."

அம்மா அதை வாங்கி, முதல் வேலையாக என் காலடியில் கிடந்த சருகுகளை விரட்டினார்.

இன்றும் மேடையேறுகிறேன். ஆனால் அன்று அம்மாவுக்கு நான் செய்த ஒரே உதவி, பேச்சை நிறுத்தியதுதான்.